பெண்கள் வாசல் இசக்கியம்மா

பையைத் திறந்து பார்க்கவே மாட்டாள் இசக்கியம்மா. புறங்கையால் ஒரே ஒரு தட்டு. தட்டிய கையை எடுப்பதற்குள், "முறுக்கு ரெண்டு பொட்டலம். இன்னொண்ணு என்னமோ ஈரமா இருக்கு, மாங்காயா?" என்று கேட்டுவிடுவாள். கேட்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். பொய் சொல்லுகிறவளுக்கு முகம் சிரித்துவிடும், பெருவிரல் மட்டும் தரையைத் தோண்டும் என்பது ஆறு வருஷத்தில் அவள் கண்டுபிடித்து வைத்திருந்த சங்கதி.

"இல்லக்கா, பிள்ளைக்கு மாத்துத் துணி."

"துணிக்கு எந்தக் கடையிலளா ஏலக்கா பொடிச்சுப் போட்டுத் தாரான்? எடு வெளிய."

பின்னால் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். மாட்டிக்கொண்டவளும் சிரித்துக்கொண்டே ரவாலாடு சம்புடத்தை எடுத்து நீட்டுவாள். சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் முறை வரும்போது சிரிப்பை விட்டுவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். இடுப்பில் செருகியிருக்கிற கடலை மிட்டாய் வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாதே!

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் போகிற ரோட்டில் இருந்த சண்முகவிலாஸ் தியேட்டரில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். பெண்கள் வாசல் இசக்கியம்மாவின் ராஜ்யம். ஓர் ஆள் மட்டும் நுழைகிற இரும்புக் கேட், உட்காரச் சொல்லிக் கொடுத்த ஸ்டூல், பக்கத்தில் ஓலைப்பெட்டி. ஸ்டூலில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "உக்காந்தா எனக்குக் கை ஓடாது" என்பாள். நல்ல உயரம். இடுப்பில் டார்ச் லைட். கன்னத்தில் எப்போதும் ஒரு கொட்டைப்பாக்கு அடங்கியிருக்கும். அதைக் கடிக்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள்.

பிடுங்கிய பொட்டலத்தை அவள் தூக்கி எறிகிறவள் இல்லை. கிழித்த டிக்கெட்டின் ஒரு துண்டைப் பொட்டலத்தில் செருகி, மறு துண்டைக் கொண்டுவந்தவள் கையில் கொடுப்பாள். படம் விட்டதும் துண்டைக் காட்டி வாங்கிக்கொண்டு போகலாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தி முறுக்கு இன்னொருத்தி வீட்டுக்குப் போனதில்லை. ஒன்று ஒடிந்ததும் இல்லை.

இன்னொரு விசித்திரமும் அவளிடம் உண்டு. இடைவேளை வரைக்கும் பிந்தி வருகிறவர்களுக்காக வாசலிலேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ச் சுவரோரமாகச் சாய்ந்து படம் பார்ப்பாள். அதனால் அந்தத் தியேட்டரில் ஓடிய அத்தனை படத்துக்கும் முடிவு அவளுக்குத் தெரியும், ஆரம்பம் ஒன்றுகூடத் தெரியாது. படம் விட்டு வருகிறவர்களை மறித்துக் கேட்பாள். "ஏட்டி, அந்த வெள்ளச் சீலைக்காரி எதுக்கு அவங்கூடப் பேசவே மாட்டேங்கா? முதல்ல அப்படி என்ன பண்ணிப்புட்டான்?" கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்பம் பேசாம இருந்தது சரிதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவாள்.

சரி, வீட்டுத் தின்பண்டத்தை ஏன் இந்தப் பாடு பட்டு உள்ளே கடத்த வேண்டும்? அந்தக் கான்டீனில் ஒரு தடவை தின்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

முன்னொரு காலத்தில் அங்கே அமிர்தம் விற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அப்போதும் டீயில் தண்ணீர்தான் அதிகம். ஆனால் வடை வடையாக இருந்தது. முக்கால் ரூபாய்க்குக் கை நிறைய இருந்தது. பேச்சிமுத்து அண்ணாச்சி குத்தகை எடுத்த பிறகு வடை போய் சமோசா வந்தது. மூன்று ரூபாய்! பெண்கள் பெஞ்சு டிக்கெட் நாலு ரூபாய்தான். நாலு ரூபாய்க்கு மூன்று மணி நேரம் படம் காட்டுகிறான், மூன்று ரூபாய்க்கு மூன்று கடி. முதல் கடியில் மாவு. இரண்டாவது கடியிலும் மாவு. மூன்றாவது கடியில் கோலிக்குண்டு அளவு உருளைக்கிழங்கு வரும், அதுவும் நேற்று அவித்ததாக இருக்கும். வெங்காயம் என்ற பேச்சே கிடையாது. மஞ்சள் சாயம் ஏறிய பொரி ஒரு பாலிதீன் பை ரெண்டு ரூபாய். அதைத் தின்றால் சீட்டில், சேலையில், பிள்ளையின் வாயில் எல்லாம் மஞ்சள். எண்ணெய் விவகாரம் தனி. தீபாவளிக்கு ஊற்றிய எண்ணெயின் தலைமேலேயே மேலும் மேலும் ஊற்றினார்களே தவிர, சட்டியைக் கவிழ்த்துக் கழுவியதாகச் சரித்திரம் இல்லை. இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அந்த வாடை ஹாலுக்குள் வந்துவிடும். கதாநாயகி அழுவதற்கு முன்னால் ஜனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

அண்ணாச்சியை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. ஊருக்குள் கேபிள் டிவி வந்து கூட்டம் பாதியாகிவிட்டது. தியேட்டர் முதலாளி தன் நஷ்டத்தைக் கான்டீன் வாடகையில் ஏற்றினார். அண்ணாச்சி அதைச் சமோசாவின் தலையில் ஏற்றினார். சமோசா யார் தலையில் ஏற்றும்? தின்கிறவன் வயிற்றில்தான் இறங்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெளித் தின்பண்டங்கள் உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. மீறினால் பறிமுதல் செய்யப்படும்" என்று சிவப்பு மையில் போர்டு எழுதி இரண்டு வாசலிலும் மாட்டினார். போர்டை மட்டும் நம்புகிற ஆள் இல்லை அவர். இசக்கியம்மாவின் சம்பளத்தையும் தன் கையிலிருந்து தருவதாக முதலாளியிடம் பேசி, அவளைத் தன் ஆளாக்கிக்கொண்டார்.

பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குடைக்குள் சீடை வரும். பால் புட்டிப் பைக்குள் பக்கோடா வரும். கொண்டையைக் கொஞ்சம் பெரிதாக முடிந்து அதற்குள் எள்ளுருண்டை கொண்டுவந்த டீச்சரம்மா ஒருத்தி உண்டு. இசக்கியம்மா அவள் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், நல்லெண்ண தேச்ச தலையில வெல்லம் மணக்காதுல்லா?" என்றாள். மாதத்துக்கு ஒரு தடவை, கைப்பிள்ளைக்காரிகளுக்கு மட்டும், அந்த மூக்குக்கு ஜலதோஷம் பிடிக்கும். அது அவளாகப் போட்டுக்கொண்ட சலுகை. பிள்ளை அழுதால் படம் பார்க்க வந்த எல்லாருக்கும்தானே தொந்தரவு.

அந்தச் சலுகையும் தொண்ணூற்றேழாம் வருஷத்துத் தைப்பொங்கலோடு நின்றது. அதற்குக் காரணம் எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டு.

இசக்கியம்மாவின் புருஷர் சுடலைக்கண்ணு பத்தொன்பது வருஷம் மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டிலிருந்து தெருமுனைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். இருமுகிற ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மூன்று வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தார். குடிப்பழக்கம் கிடையாது, கோபதாபம் கிடையாது, அதுதான் இசக்கியம்மாவுக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். அவரோ சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்துவிட்டு, "போதும்ளா, உக்காந்து கிடக்கவனுக்கு எதுக்கு ரெண்டாஞ் சோறு?" என்பார். அவள் மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சைக்கிள் ஸ்டாண்டும் பேச்சிமுத்து அண்ணாச்சி குத்தகைதான். அதைப் பார்த்துக்கொண்ட ஆள் திருப்பூருக்குப் போய்விட்டான். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தகர டோக்கன் கொடுக்கிற வேலை. ஓட வேண்டாம், தூக்க வேண்டாம், இருமினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இசக்கியம்மா கேட்டாள். தனக்கென்று அண்ணாச்சியிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணாச்சி உடனே இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. கரிநாளைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்றைக்கு வீட்டில் அடுப்புப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். விடிவதற்குள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பாபநாசத்துக்கோ மணிமுத்தாறு அணைக்கோ போய்க் குளித்து, தின்று, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நேராக மேட்னிக்கு வந்து நிற்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் தியேட்டர் நிறையும். அந்த ஒரு நாள் ஒவ்வொரு பையிலும் சாப்பாடு இருக்கும்.

"இந்தா பாரு இசக்கி," என்றார் அண்ணாச்சி. "எனக்கு வருஷத்துல இது ஒரு நாளுதான். ஆயிரம் சமோசாவுக்கு மாவு பிசைஞ்சிருக்கு. ஒரு பொட்டலம், ஒரே ஒரு பொட்டலம் உள்ள போகப்படாது. கைப்பிள்ளைக்காரி, கர்ப்பக்காரி, யாரா இருந்தாலும் சரி. நீ அதைச் செய்யி, ஸ்டாண்டு உன் வீட்டுக்காரருக்கு. இடைவேளைல உள்ள ஒருத்தி சம்புடத்தைத் திறந்தான்னு வையி, மறுநாள்லேருந்து நீயும் வர வேண்டாம்."

இசக்கியம்மா இதை வீட்டில் போய்ச் சொன்னாள். மறுநாள், கரிநாள் காலையில், சுடலைக்கண்ணு தானே சவரம் செய்துகொண்டார். பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் கிளம்பும்போது, "நானும் பைய வாரேன். இடம் எப்படின்னு பாத்துக்கிடலாம்லா?" என்றார். பதினோரு மணிக்கே வந்து, யாருக்கும் டோக்கன் கொடுக்கிற அதிகாரம் இல்லாமல், சைக்கிள் ஸ்டாண்டின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நாற்காலியில் உட்கார அவருக்குக் கூச்சம்.

ஒன்றரை மணிக்குள் பெண்கள் வரிசை மில் ரோட்டு வளைவு வரைக்கும் போய்விட்டது. ஈரத் தலையும் மஞ்சள் பூசிய முகமுமாக, ஆற்றுத் தண்ணீர் சொட்டுகிற துணிமூட்டைகளோடு, வெயிலில் பொறுமையில்லாமல் நின்றார்கள். இசக்கியம்மாவின் புறங்கை ஓயவில்லை. பனங்கிழங்கு, புளியோதரை, தயிர்சோறு, கரும்புத் துண்டு, சீனிக்கிழங்கு. ஓலைப்பெட்டி நிறைந்து, சாக்கு விரித்து அதுவும் நிறைந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கிண்டலும் அவள் வாயில் வரவில்லை. "எடு. வையி. போ." அவ்வளவுதான்.

"நல்ல நாளும் பொழுதுமா பிடுங்குதியே, உனக்கே இது நல்லாருக்காளா?" என்றாள் ஒருத்தி.

"போர்டு போட்டிருக்கு."

"போர்டை நாங்க கேக்கல. உன்னைக் கேக்கோம்."

இசக்கியம்மா அடுத்த பையைத் தட்டினாள். அண்ணாச்சி பக்கத்திலேயே, சிவப்புப் போர்டுக்குக் கீழே நின்று, "அப்படித்தான், அப்படித்தான்" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டையிலும் அந்த எண்ணெய் வாடைதான் அடித்தது.

அடுத்து வந்தவள் பார்வதியம்மாள். இசக்கியம்மாவின் தெருவிலேயே பீடி சுற்றுகிறவள். கையில் கடைசி மகள், ஆறு வயசு. இன்னொரு கையில் சின்னத் தூக்குவாளி. பார்வதியம்மாள் அதை ஒளிக்கவில்லை. வெளிப்படையாகவே பிடித்திருந்தாள்.

"மூணு இட்லிதான் இசக்கி. இவளுக்கு."

இசக்கியம்மாவுக்குத் தெரியும். தீபாவளி மேட்னியில் அந்தப் பிள்ளை கான்டீன் சமோசாவைத் தின்றுவிட்டு இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. அம்பாசமுத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கட்டிலில் சுருண்டு கிடந்த பிள்ளையைப் பார்க்க ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் இசக்கியம்மாவும் ஒருத்தி. இன்னும் கொஞ்ச நாளைக்கு வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் காதாலேயே கேட்டிருந்தாள்.

"எக்கா, வாளியை வச்சுட்டுப் போங்க. விட்டதும் வாங்கிக்கிடலாம்."

"விடுததுக்கு ஆறு மணி ஆகும்லா? பிள்ளை பசி தாங்குமா? ஏளா, உனக்குத் தெரியாததா?"

தெரியும், தெரியும், எல்லாம் தெரியும்! அதுதான் அவளைக் கொன்றது. அவள் பார்வதியம்மாளின் தோளுக்கு மேலே எதிர்ப்பக்கம் பார்த்தாள். வெள்ளைச் சட்டை துண்டில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"உன் வீட்டுப் பிள்ளைன்னா இப்படி எடுப்பியா?"

"எம் பிள்ளைன்னாலும் எடுப்பேன்க்கா," என்றாள் இசக்கியம்மா. சொல்லிக்கொண்டே தூக்குவாளியின் பிடியைப் பற்றி இழுத்தாள். பார்வதியம்மாள் சண்டை போடவில்லை. விட்டுவிட்டாள். வாளிக்குள் இட்லி ஒரு பக்கமாகச் சரிந்தது கைக்குத் தெரிந்தது. டிக்கெட் துண்டைக் கொடுக்கப் போனபோது பார்வதியம்மாள் வாங்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, உள்ளே போவதா வீட்டுக்குத் திரும்புவதா என்று தெரியாதவளாகக் கேட்டுக்குப் பக்கத்துச் சுவர் நிழலில் நின்றாள். பிள்ளை அழவில்லை. வாளியை வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பலே," என்று அண்ணாச்சி சொன்னார். "நீ பாத்துக்கிடு, நான் போயி சட்டியை ஏத்தச் சொல்லுதேன்." கான்டீன் பக்கம் போனார்.

இசக்கியம்மாவுக்குக் கன்னத்துப் பாக்கு கசந்தது. இன்னும் முப்பது நாற்பது பேர்தான். அதற்குப் பிறகு கேட்டைச் சாத்தினால் முடிந்தது. அவர் நாற்காலியில் உட்காரலாம். இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பையைத் தட்டினாள்.

தட்டியதும் கை நின்றது. நல்ல கனமான பை. எவர்சில்வர் அடுக்கு. அடித்தட்டு இன்னும் சூடாக இருந்தது. நெய் மணந்தது. உளுந்த வடை, சந்தேகமே இல்லை, புது எண்ணெயில் போட்டது. கொண்டுவந்தவளைக் காலிலிருந்து பார்த்தாள். வெள்ளிக் கொலுசு, புதுச் செருப்பு. பெருவிரல் தரையைத் தோண்டவில்லை. பக்கத்தில் பட்டுப்பாவாடை கட்டிய ஏழெட்டு வயசுப் பிள்ளை. இந்த ஊர் ஆள் இல்லை. அம்பாசமுத்திரமோ என்னமோ, குளிக்க வந்திருப்பார்கள்.

"எம்மா, சாப்பாட்டுச் சாமான் உள்ள விடக்கூடாது. இங்கன வச்சுட்டுப் போங்க."

அந்த அம்மாள் முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. "அப்படியா? எனக்குத் தெரியாதே," என்றாள். "எங்க வீட்டுக்காரவுகதான் சொல்லிவிட்டாவ. பிள்ளைக்குக் கான்டீன்ல ஒண்ணும் வாங்கிக் குடுத்திராத, அந்த எண்ணெய் பிள்ளைக்கு ஆகாது, வீட்டுலயே சுட்டுக் கொண்டு வந்திருன்னு."

"விவரமான ஆளுதான். யாரும்மா உங்க வீட்டுக்காரவுக?"

"இந்தக் கான்டீன் நடத்துதாவல்லா, அவுகதான். பேச்சிமுத்து. நான் சண்முகசுந்தரி. இன்னைக்குத்தான் முதல்முதலா இங்கன வாரேன்."

வரிசையில் முன்னால் நின்ற பத்துப் பேருக்கு அது நன்றாகக் கேட்டது. அவர்கள் திரும்பிப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் சேதி போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? கசகசவென்று இருந்த வரிசை அப்படியே அடங்கிப் போனது. ஒருத்தி மட்டும் எங்கேயோ பின்னால், "அடச் சவமே!" என்றாள். அது அண்ணாச்சியைச் சொன்னதா, தன் தலையெழுத்தைச் சொன்னதா தெரியவில்லை.

சண்முகசுந்தரிக்கு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

இசக்கியம்மா நிறைந்து கிடந்த ஓலைப்பெட்டியைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எத்தனை பை, எத்தனை சம்புடம்! தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாத எண்ணெய் என்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் போர்டு எழுதினார். தெரிந்தேதான் பக்கத்தில் நின்று பலே சொன்னார். அதைச் செய்த கை யாருடையது? அவள் திரும்பிச் சுவர் நிழலைப் பார்த்தாள். பார்வதியம்மாள் இவளைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து மகளின் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கையில் எண்ணெய் வழிகிற ஜல்லிக் கரண்டி. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"விடு இசக்கி, விடு. நம்ம வீட்டு ஆளு."

இசக்கியம்மா அசையவில்லை.

"ஏளா, உன்கிட்டத்தான் சொல்லுதேன். இது வெளித் தின்பண்டம் இல்ல. கான்டீன்காரன் வீட்டுப் பண்டம். உள்ள உள்ளது மாதிரித்தான்."

"உள்ள உள்ளது மாதிரியா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்தினார். "வெயில்ல கூட்டத்தை நிறுத்தி வச்சு என்னை அசிங்கப்படுத்தாத. உன் வீட்டுக்காரரு அங்கன காலைலேருந்து உக்காந்திருக்காரு, பாத்தேன். யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்காமல் இல்லை. எதிர்ப்பக்கம் பார்த்தாள். சுடலைக்கண்ணு எழுந்து நின்றிருந்தார். ஒரு கையால் அந்தக் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. இருந்தாலும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக ஆட்டினார். வேண்டாம், வம்பு வேண்டாம். இருபத்தி ரெண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது புரியாதா? அவளுக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு அவர் மறுபடியும் தட்டைத் தள்ளி வைப்பார் என்பது இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

பையைச் சண்முகசுந்தரியிடம் நீட்டினாள். "போங்க மைனி. பிள்ளைக்குப் பசிக்கும்."

"நான் வேணும்னா இங்கனயே வச்சிருதேனே," என்றாள் அந்த அம்மாள். அவளுக்கு முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது. இப்போது புரிந்துவிட்டது போல.

"வேண்டாம் மைனி. நல்ல எண்ணெயில சுட்டது. கொண்டு போயிப் பிள்ளைக்குக் குடுங்க."

சண்முகசுந்தரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "ஆளுக்குத் தக்கனதான் சட்டம் போல." "அவளும் என்ன செய்வா, சம்பளம் குடுக்கவன்லா?" இரண்டும் இசக்கியம்மாவின் காதில் விழுந்தன. இரண்டாவதுதான் அதிகம் சுட்டது.

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைப் பையில் கையை விட்டு, கயிறு கோத்த ஒரு சாவியை எடுத்தார். சைக்கிள் ஸ்டாண்டு கேட்டின் சாவி. "சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இப்பமே வாங்கிக்கோ. அவரை நாற்காலில உக்காரச் சொல்லு," என்று சத்தமாகவே சொல்லி, எல்லோரும் பார்க்க அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அடுத்து நின்ற பெண் முன்னால் வந்தாள். கையில் கனமான மஞ்சள் துணிப்பை. பழக்கம்போல அதை ஏந்திக் காட்டிக்கொண்டு தட்டுக்காகக் காத்து நின்றாள்.

இசக்கியம்மா சாவியைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். சுவர் நிழல் பக்கம் திரும்பி, "எக்கா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க. வாளியை எடுத்துக்கிடுங்க," என்றாள்.

பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டை விட்டு ஓர் அடி விலகி நின்றாள்.